பன்னிரண்டாம் எண் செல்

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் மீட்டரைப் பார்த்து ‘நல்ல நிலை’ என்று எழுதுகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வருஷக்கணக்கில் எழுதினேன். அதனால் ஒரு மனிதர் செத்துப்போனார். இன்னொரு மனிதர், தான்தான் அவரைக் கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு உயிரோடு இருந்தார். அந்த இரண்டாவது மனிதரைப் பற்றித்தான் முக்கியமாக உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். மற்றவர்கள் தாங்கள் காப்பாற்றிய டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும், நல்ல விஷயம்தான். என்னிடம் அப்படி மார்தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் வரதராசன்பேட்டைக்காரி, பெயர் ஸ்டெல்லா. டிப்ளமோ முடித்து அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் மின்பிரிவில் சேர்ந்தபோது, அங்கே நான் ஒருத்திதான் பெண். என்னைக் கம்பத்தில் ஏறச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கவும் மனம் வரவில்லை. அதனால் பேட்டரி அறையை என் தலையில் கட்டினார்கள்.

ஆலைக்குள் ஒரு சிறிய துணைமின் நிலையம். அதன் மூலையில் இந்த அறை. உள்ளே மூன்று வரிசையாக ஐம்பத்தைந்து செல்கள். செல் என்றதும் கைபேசியைத் தடவாதீர்கள், இது ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடம் உயரம் இருக்கும். அமில வாடை மூக்கைப் பிடுங்கும். காட்டன் சேலையில் ஒரு துளி பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசரின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார். முதல் நாள் என்னை அந்த அறையில் நிறுத்திக் கேட்டார்.

“இதுக்குள்ள என்னம்மா இருக்கு?”

“கரண்ட் சார்.”

“கரண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஈயமும் ஆசிட்டும்தான் இருக்கு. கரண்டு நீ கேக்கறப்பதான் உண்டாவுது. அத மொதல்ல மண்டையில ஏத்திக்க.”

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு வகைத் தட்டுகள். ஒன்று சாம்பல் நிறத்தில் வெறும் ஈயம். மற்றது பழுப்பு நிறத்தில், ஆக்சிஜனோடு சேர்ந்த ஈயம். இரண்டும் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. சாம்பல் ஈயம் அமிலத்தோடு சேரும்போது எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. பழுப்புத் தட்டு தன் வேலையைச் செய்ய அதே எலக்ட்ரான்களுக்காகக் காத்திருக்கிறது. கொடுக்க ஒருவன், வாங்க ஒருவன், நடுவில் அமிலம். ஆனால் அமிலத்தின் வழியாக அயனிகள்தான் போக முடியும், எலக்ட்ரான் போக முடியாது. எலக்ட்ரானுக்கு வெளியே இருக்கும் கம்பி ஒன்றுதான் வழி. நாம் என்ன செய்கிறோம்? அந்த வழியில் ஒரு விளக்கையோ, காயில் என்ற கம்பிச்சுருளையோ குறுக்கே வைத்து, “போகிற போக்கில் இந்த வேலையையும் செய்துவிட்டுப் போ” என்கிறோம். பேட்டரி மின்சாரம் கொடுப்பது என்றால் இவ்வளவுதான்.

கொடுக்கக் கொடுக்க இரண்டு தட்டுகளிலும் ஒரே மாதிரி வெள்ளைப் படிவு ஏறும். அமிலத்தில் இருந்த கந்தகச் சத்து தட்டுகளுக்குப் போய்விடுவதால் அமிலம் நீர்த்துப்போகும். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் மிதவை கீழே இறங்குவது அதனால்தான். இரண்டு தட்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். சார்ஜ் செய்தால் எல்லாம் திரும்பிப் பழைய நிலைக்கு வரும். சரியாகச் சார்ஜ் ஆகாமல் மாதக்கணக்கில் கிடந்தால் மட்டும் அந்த வெள்ளை கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

“சார்ஜர் ஓடறப்ப மீட்டர் காட்டறது சார்ஜரோட பலம். பேட்டரியோட பலத்த பாக்கணும்னா சார்ஜர அணைச்சிட்டு, பேட்டரிய தனியா வேலை செய்ய வுட்டுப் பாக்கணும்,” என்பார் சூப்பர்வைசர். மாதம் ஒருமுறை அப்படியே செய்வார். வாரம் ஒருமுறை ஐம்பத்தைந்தையும் ஒவ்வொன்றாக மூடி திறந்து, ஹைட்ரோமீட்டரில் அளந்து எழுதச் சொல்வார். தினமும் பார்க்க ஒரு செல்லைத் தனியாக வைத்திருப்போம், அதற்குப் பைலட் செல் என்று பெயர். இருப்பதிலேயே சோனியான செல்லைத்தான் பைலட்டாக வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அது தாங்கினால் மற்றவை தாங்கும். மாதாமாதம் அதை மாற்றவும் செய்வார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நான் செய்ததைக் கேளுங்கள். சார்ஜரை அணைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஒவ்வொரு தடவையும் மேலே அனுமதி கேட்க வேண்டும். “ஓடற பிளாண்ட்டுல எதுக்கு மேடம் கைய வைக்கிறீங்க?” என்பார்கள். இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவை கேட்கவில்லை. பிறகு பைலட் செல்லை மாற்றுவதை நிறுத்தினேன். கதவுக்குப் பக்கத்தில் குனியாமல் எட்டுகிற இடத்தில் பன்னிரண்டாம் எண் செல் இருந்தது. எப்போது அளந்தாலும் ஆயிரத்து இருநூறு காட்டும், அது முழுசாகச் சார்ஜ் ஆன அளவு. அதையே நிரந்தரப் பைலட்டாக்கினேன். அதற்குத் தண்ணீர் குறைய விட்டதே இல்லை, மூடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பேன்.

கடைசியாக, வாராந்திர அளவையும் விட்டேன். பன்னிரண்டை மட்டும் அளந்துவிட்டு மீதி ஐம்பத்துநான்குக்கும் நானே எழுதினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஐந்து கூட்டி ஐந்து குறைத்து எழுதுவேன். சுவரோரமாக இருந்த கடைசி வரிசைக்குக் கை விட்டால் சேலை உரசும் என்று அந்தப் பக்கம் போவதே குறைந்துவிட்டது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் என் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, மற்ற பிரிவுகளும் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பழக்கம் அப்படிச் செய்துவிடும்.

அந்த பேட்டரி எதற்கு இருந்தது என்று சொல்லவில்லையே. ஆலையிலிருந்து சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஒரு மின்பாதை, குன்னம் பக்கத்துக் கொல்லைகளின் குறுக்கே போகும். அதில் கம்பி அறுந்தால், ரிலே என்ற கருவி அதைக் கண்டுபிடித்து பிரேக்கருக்குச் சொல்லும், பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதைத்தான் டிரிப் என்போம். பிரேக்கரைத் திறக்கிற காயிலுக்கு பேட்டரிதான் பலம் கொடுக்க வேண்டும். பழுதான லைனையே நம்பி அந்த வேலையைச் செய்ய முடியாது அல்லவா? அது தவறினால் துண்டிப்பதற்கென்று இருந்த பெரிய பிரேக்கருக்கும் அதே பேட்டரிதான். ஐம்பத்தைந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோத்தவை. நடுவில் சில செல்கள் படுத்துவிட்டால் பன்னிரண்டாம் எண் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் புண்ணியமில்லை.

பிரேக்கர்களைப் பராமரித்தவர் காசிம். பெரம்பலூர்க்காரர், ஃபிட்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேலையில் அவரைப்போலச் சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. பிரித்த ஒவ்வொரு போல்ட்டையும் துணி விரித்து வரிசையாக அடுக்குவார். ஒருநாள் பராமரிப்புக்காக ஆலை முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். காசிம் என்னிடம் வந்தார்.

“அக்கா, குவாரி லைன் பிரேக்கரு டிரிப் குடுத்தா கொஞ்சம் சொணங்கித்தான் வுழுவுது. பேட்டரி நல்லாருக்குதுங்களா?”

மின்சாரம் இல்லை, சார்ஜர் ஓடவில்லை, பேட்டரி தனியாக நிற்கிறது. சூப்பர்வைசர் மாதாமாதம் வேண்டுமென்றே செய்த சோதனை அன்றைக்குத் தானாக நடந்திருக்கிறது. அந்த நிமிடமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் பேட்டரியைக் குறை சொல்ல வந்துவிட்டானே என்று சுருக்கென்று கோபம்தான் வந்தது.

“ரெஜிஸ்டர பாரு காசிம். அம்பத்தஞ்சும் ஆயிரத்து எரநூறுல நிக்குது. ஒன் பிரேக்கர்ல கிரீஸ் காஞ்சி கெடக்கும், அதப் போயி பாரு.”

“நீங்க சொன்னா சரியாத்தாங்க்கா இருக்கும்,” என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் அந்த பிரேக்கரின் இயங்குபாகங்களைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்தார். மறுநாள் மின்சாரம் வந்தது, சார்ஜர் ஓடியது. டிரிப் கொடுத்துப் பார்த்தார். பிரேக்கர் சட்டென்று திறந்தது. “கிரீஸ் வச்சதும் சரியாயிட்டுதுக்கா,” என்று என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். சரியாக்கியது கிரீஸ் இல்லை, பேட்டரிக்குப் பதில் காயிலுக்குத் தானே பலம் கொடுத்த சார்ஜர். அவருக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிய எல்லா வழியும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழை. சாயங்காலம் நாலு மணிக்கே வானம் இருட்டி இடி இடித்தது. ஒரு மின்னலில் சார்ஜரின் ஃபியூஸ் போய் அலாரம் அடித்தது. அலாரத்தை நிறுத்தியது நான்தான். “பேட்டரி இருக்குல்ல, மழை வுடட்டும், பாத்துக்கலாம்,” என்று சொன்னதும் நான்தான். ஒரு நல்ல பேட்டரி மணிக்கணக்கில் தாங்கும். இது அரைமணி நேரத்தில் கட்டுப்பாட்டுப் பேனலின் சிவப்பு விளக்குகளை மங்கலாக்கிவிட்டது. வோல்ட் மீட்டரின் முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது குவாரி லைனின் ரிலேயில் சின்ன அடையாளக் கொடி விழுந்தது. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, துண்டி என்று ரிலே சொல்லிவிட்டது. பிரேக்கர் அசையவில்லை. நான் டிரிப் சுவிட்சைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் திருகினேன். பேனலின் பின்னால் போய் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், செருகினேன், இன்னொரு முறை திருகினேன். இதற்கெல்லாம் மூன்று நான்கு நிமிடம் போயிருக்கும். வெளியே பிரேக்கரின் உடம்பிலேயே ஒரு குமிழ் உண்டு, கையால் அடித்தால் பேட்டரி இல்லாமலே திறந்துகொள்ளும். அது புத்தியில் வந்ததும் மழையில் ஓடிப்போய் அடித்தேன். நீங்கள் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: சுவிட்ச் ஒருமுறை கைவிட்டால் இரண்டாவது முறை திருகாதீர்கள், குமிழுக்கு ஓடுங்கள். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

அறுந்த கம்பி ஒரு மக்காச்சோளக் கொல்லையின் முள்கம்பி வேலிமேல் விழுந்திருந்தது. கொல்லைக்காரர் ரெங்கசாமி, மழை வலுக்கிறதே என்று வேலியோரம் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்க ஓடியிருக்கிறார். வேலியைத் தொட்டார். எந்த நிமிடத்தில் தொட்டார் என்று யாருக்கும் தெரியாது. ரிலே சொன்ன அந்த நொடியில் பிரேக்கர் திறந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்பியை அப்புறப்படுத்தப் போனவர்களில் காசிமும் ஒருவர். திரும்பி வந்து கைகழுவும் தொட்டியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்குள் சார்ஜரைச் சரிசெய்து ஓட விட்டிருந்தோம். அவர்கள் பேனலின் மீட்டரைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பைலட் செல்லை அளக்கச் சொன்னார்கள், பன்னிரண்டாம் எண்ணை அளந்து காட்டினேன், ஆயிரத்து இருநூறு. டிரிப் கொடுத்தார்கள், பிரேக்கர் உடனே திறந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். அதில் என்ன குறை இருக்கப்போகிறது? கடைசியில் காசிமைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“இந்த பிரேக்கர்ல முன்னாடி ஏதாவது கோளாறு இருந்துச்சா?”

“இருந்துச்சு சார். டிரிப் சொணங்குச்சு. கிரீஸ் காஞ்சிருக்கும்னு பிரிச்சித் தொடச்சி வச்சேன். அப்பறம் சரியாயிட்டுது.”

“சரியாயிட்டுதுன்னா அன்னைக்கு ஏன் தெறக்கல?”

காசிம் விரலிடுக்கில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பேட்டரிய சந்தேகப்படலியா?”

“பேட்டரி நல்லாருக்கு சார். அக்கா எழுதி வச்சிருக்காங்க.”

அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் வரைக்கும் பேட்டரிதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதும் உண்மை. கோளாறு இருப்பது தெரிந்தும் முறையாகச் சரிசெய்யவில்லை என்று காசிமை வேலையிலிருந்து நீக்கினார்கள். பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகும்போது என்னிடம் நின்றார்.

“எங்கயோ ஒரு எடத்துல கிரீஸ் படாம வுட்டுட்டேன் போலக்கா. யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், எதுன்னு புடிபடல. ஒரு மனுசன கொன்னுட்டேனே.”

“அப்படியெல்லாம் சொல்லாத காசிம்,” என்றேன். எவ்வளவு சுலபமான ஆறுதல், பாருங்கள்.

அவர் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓடாத காலை நேரத்தில் தனியாகப் போனேன். யாரிடமும் கேட்காமல் சார்ஜரை அணைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். முன்வரிசை பரவாயில்லை. நடுவரிசையில் மிதவை இறங்க ஆரம்பித்தது. சுவரோர வரிசையில் பல செல்களில் உறிஞ்சுவதற்கே அமிலம் மேலே இல்லை. தட்டுகள் வெளியே தெரிந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சார்ஜர் இல்லாமல் டிரிப் சுவிட்சைத் திருகினேன். பிரேக்கர் சும்மா நின்றது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எழுந்து, சார்ஜரைப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் சமைத்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெறச் சில வருஷங்கள் இருந்தன, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஊரில் வாத்தியார் மகள் என்ற பெயர் இருந்தது என்று காரணம் அடுக்கலாம். பயம், அவ்வளவுதான். ஞாயிறு பூசைக்குப் போனேன், மற்றவர்களோடு சேர்ந்து என் பாவமே என் பாவமே என்று மார்பில் தட்டிக்கொண்டேன், திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். பேட்டரி பழசாகிவிட்டது, மாற்றினால் நல்லது என்று மட்டும் ஒரு கடிதம் வைத்தேன். மேலாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

புது செல்கள் வந்தன. ஒருநாள் காலையில், பழைய செல்களை எடுத்துப்போக திருச்சியிலிருந்து பழைய இரும்புக் கடையின் லாரி வந்து நின்றது. ஏற்றுவதற்கு முன்னால் அமிலத்தைக் கொட்டிவிடலாமா என்று கேட்டார்கள். கொட்டிவிட்டால் அளப்பதற்கு எதுவும் இருக்காது. லாரி போய்விட்டால் ஈயத்தை உருக்கிவிடுவார்கள். என் ரெஜிஸ்டர் மட்டும் மிஞ்சும், காசிம் செத்தாலும் கொலைகாரராகத்தான் சாவார். யோசிக்க எனக்குக் கிடைத்தது அவர்கள் கையுறை மாட்டிக்கொள்ளும் நேரம்தான்.

“ஏத்தாதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க,” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மேலாளர் இறங்கி வந்தார். “என்ன மேடம் இது? முடிஞ்சிபோன வெசயம். இப்ப எதுக்குத் தோண்டறீங்க?”

“முடியல சார். இந்த ரெஜிஸ்டர்ல இருக்கறது நான் அளந்தது இல்ல, நானா எழுதுனது. நீங்க நில்லுங்க, ஒங்க எதுக்க அளக்கறேன்.”

“அளந்தா ஒங்களுக்கு என்ன ஆவும்னு தெரியுமா?”

“தெரியும்.”

அவர் முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புத்தான் அதிகம் இருந்தது. ஆனாலும் நின்றார், அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். லாரிக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, ஐம்பத்தைந்தையும் வெயிலில் வைத்து அளந்தேன். இருந்ததை இருந்தபடி எழுதினேன். கீழே மேலாளரும் கையெழுத்துப் போட்டார். பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். என்னை இடைநீக்கம் செய்தார்கள், பதவி இறக்கினார்கள், ஓய்வு பெறும்வரை ஸ்டோர் ரூமில் பல்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. காசிம்மேல் குற்றமில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரு கடிதம் தயாரானது. அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெரம்பலூரில் மாமனாரின் பிளாஸ்டிக் சாமான் கடையில் காசிம் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கடையில் மின்விசிறி ஓடவில்லை.

“ஃபேன் என்னாச்சு காசிம்?”

“ரெகுலேட்டரு போயிட்டுதுக்கா. ஆள வரச் சொல்லிருக்கு. நான் இப்ப எதையும் தொடறதில்ல.”

கடிதத்தைக் கொடுத்தேன். “ஒன்மேல தப்பு இல்ல காசிம். பேட்டரிதான் செத்துக் கெடந்துச்சு. நான் அளக்காம எழுதிட்டேன்.”

இரண்டு தடவை படித்தார். “அப்ப கிரீஸு?”

“நல்லாத்தான் வச்சிருந்த. ஒரு எடம் வுடல.”

கண் கலங்கி, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பக்கா ஒங்களுக்குத் தெரிஞ்சிது?”

லாரி வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இவரிடமும் அளக்காமல் எழுத வேண்டாம் என்று தோன்றியது.

“நீ போனதுக்கப்பறம் ரெண்டாவது ஞாயித்துக்கிழம.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். “மூணு மாசத்துக்கு மேல ஆவுதுக்கா.” கடிதம் இருந்த பையைத் தொட்டபடி சொன்னார். “அந்த மூணு மாசமும் எங்க வூட்டுக்காரி என்னைய தனியா ஒரு எடம் போவ வுட்டதில்ல. ராவுல அவ கைய என் சட்டையில கோத்துக்கிட்டுத்தான் படுப்பா. எந்திரிச்சிப் போயி எதுனா பண்ணிக்குவேன்னு பயம்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல அந்த இடத்தில் வாய் கூசியது. நீங்கள் நாளைக்கு ஒரு எண்ணை அளக்காமல் எழுதப்போகும்போது, அது காகிதத்தில் இருக்கிற எண் என்று நினைக்காதீர்கள். அதை நம்பி ஒருவர் கை வைப்பார். தப்பாகப் போனால், உங்களை நம்பியதால் தன்னைத்தான் சந்தேகப்படுவார்.

காசிம் வேலைக்குத் திரும்பவில்லை. “அந்த பிரேக்கர பாத்தா அவரு மொகந்தான் வரும்க்கா,” என்றார். ஆனால் நான் கிளம்பும்போது எழுந்து வந்தார்.

“ரெங்கசாமி வூட்டுக்கு ஒருதடவ போவணும்க்கா. இத்தன நாளு அந்தத் தெருப்பக்கம் போவவே தைரியம் இல்ல. இனிமே போலாந்தான? நீங்களும் வாங்களேன், சேந்தே போவோம்.”

“அடுத்த ஞாயித்துக்கிழம போவோம் காசிம்,” என்றேன்.

அந்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறும் ஏதோ சொன்னேன். காசிம் தனியாகப் போனார். சாயங்காலம் போன் செய்தார். ரெங்கசாமியின் மனைவி தன்னை உட்கார வைத்து டீ கொடுத்ததாகவும், நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். குரலில் வெகு நாட்களுக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு இருந்தது.

“அந்தம்மா என்ன காசிம் சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலக்கா. எந்திரிக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த நோட்டுல எழுதுனவங்க ஏன் வரலன்னு.”

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. குன்னத்துக்கு பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடலாம். இன்னும் போகவில்லை.